கறுப்பு மார்பிளில் தெரிந்த விளக்கு

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறின குப்பை மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன், அதையும் முழுதாக முடிக்கவில்லை. சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்று இன்றைக்கும் பேனா நின்று நின்றுதான் போகிறது. என் மகள் டில்லியிலேயே பிறந்தவள். தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டத் தெரியாது. அதனால் திருத்திக் கொடுக்கவும் வீட்டில் ஆள் இல்லை. பிழை இருந்தால் நீங்களே சரியாக்கிப் படித்துக்கொள்ளுங்கள்.

நம் சங்கத்து ஆண்டு மலருக்கு ஆளுக்கு ஒரு பக்கமாவது எழுத வேண்டும் என்று கூட்டத்தில் சொன்னபோது நான் கடைசி வரிசையில் இருந்தேன். எனக்கு வராது என்று தலையை ஆட்டினேன். நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், உங்களுக்குத் தெரியும். அப்புறம் டீ வந்தது. நம்மில் ஒருவர், "அந்த ஆசிட்காரி மவனுக்கு ஒரு டீ குடுங்கப்பா, பேசாமயே ஒக்காந்திருக்கான்" என்றார். எல்லாரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை என்று தெரியும். ரயில் பாதை ஓரத்துக் குடிசைகளில் ஒன்றாக வளர்ந்த நம்மில் பட்டப்பெயர் இல்லாதவன் யார்?

ஆனால் என் அம்மாவுக்கு அந்தப் பெயர் வந்த கதை உங்களுக்குப் பாதிதான் தெரியும். எனக்கும் இத்தனை வருஷம் பாதிதான் தெரிந்திருந்தது. மீதி போன மாதம்தான் தெரிந்தது. அதனால் எழுதுகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்த வருஷம், மழைக்காலம் முடிகிற சமயத்தில் அப்பா வேலை செய்த கட்டடத்தில் சாரம் சரிந்து விழுந்தார். முதுகில் அடி. டில்லியில் படுக்க வைத்துப் பார்க்க ஆள் இல்லை என்று சங்கராபுரம் பக்கம் எங்கள் ஊருக்கே அவரை ரயிலேற்றி விட்டார்கள். இங்கே அம்மாவும் நானும் தங்கச்சியும். அம்மா ஜனக்புரியில் ஒரு டீச்சர் அம்மா வீட்டில் பாத்திரம் தேய்த்து, தரை துடைத்துக்கொண்டிருந்தாள். டீச்சர் அம்மா தமிழ்க்காரர், திருச்சிப் பக்கம். வீட்டுக்காரர் பேங்க்கில் ஆபீசர், அவரை நாங்கள் சார் என்போம். பிள்ளைகள் இல்லை. டீச்சர் அம்மாதான் என்னைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டவர். அப்பா ஊருக்குப் போன பிறகு, பொம்பளை தனியாகக் குடிசையில் இருக்க வேண்டாம் என்று வீட்டின் பின்பக்கம் சாமான் போட்டிருந்த அறையையும் காலி செய்து கொடுத்தார். தங்கமான மனுஷி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் எழுதப்போவதைப் படித்து யாரும் அவரைத் தப்பாக நினைக்கக் கூடாது.

அந்த வேலை போனால் அந்த அறை போகும். அறை போனால் என் பள்ளிக்கூடம் போகும். இது அம்மா என்னிடம் சொல்லித் தெரிந்ததில்லை. அவள் அந்த வீட்டுக்குள் நடக்கிற நடையிலேயே தெரிந்தது.

அந்த வரிசையில் மற்ற வீடுகளில் எல்லாம் சிப்ஸ் போட்ட மொசைக் தரை. டீச்சர் அம்மா வீட்டு ஹாலில் மட்டும் சார் ராஜஸ்தானிலிருந்து கறுப்பு மார்பிள் வரவழைத்துப் போட்டிருந்தார். முதல் நாள் நான் வாசல்படியிலேயே நின்றுவிட்டேன். உள்ளே தரையே இல்லை. மேலே ஒரு ஹால், அதற்கு அடியில் அதே ஹால் தலைகீழாகத் தொங்கியது. சோபாவுக்கு அடியில் சோபா. ஆழத்தில் ஒரு ஃபேன், அதற்குப் பக்கத்தில் ஒரு டியூப்லைட். தங்கச்சி அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு, "கெணறும்மா, நா வரல" என்று அழுதாள். அம்மா நடந்து காட்டினாள். அவள் காலடியில் இன்னொரு அம்மா தலைகீழாக, பாதத்தோடு பாதம் ஒட்டி நடந்து வந்தாள். நான் ஒரு படி பின்னால் இறங்கினேன். அந்த வீட்டில் இருந்த வரைக்கும் அந்தப் பயம் முழுதாகப் போகவில்லை.

ஆனால் பயத்தோடேயே பார்க்கப் பழகினேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து, சமையலறை வாசலில் உட்கார்ந்து அந்தத் தரையைப் பார்ப்பதுதான் எனக்கு விளையாட்டு. ஒன்று கண்டுபிடித்தேன். நீங்கள் மெட்ரோ ஸ்டேஷனில் நிற்கும்போது வேண்டுமானால் செய்து பாருங்கள். தரையில் கிடக்கிற தூசியை உற்றுப் பார்த்தால், அதில் தெரிகிற விளக்கு கலங்கிப் போகும். விளக்கை உற்றுப் பார்த்தால் தூசி காணாமல் போகும். இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது. தரை பளபளக்கிறது என்று சொல்கிறோம், ஆனால் நம் கண் பார்ப்பது அதில் தெரிகிற விளக்கின் ஓரத்தை. ஓரம் கத்தி மாதிரி இருந்தால் பளபளப்பு என்கிறோம். டீச்சர் அம்மா வீட்டுத் தரையில் டியூப்லைட் வெள்ளைக் குச்சியாக, தொட்டால் கை அறுத்துவிடும் போலத் தெரியும்.

குளிர் இறங்கிய பிறகுதான் முதல் பேச்சு வந்தது. சாயங்காலம். வெளியே பனிமூட்டம், தெருவிளக்குகள் பஞ்சு உருண்டைகளாக நின்றன. டீச்சர் அம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா, இன்னைக்கு இந்தத் தரையை எதால துடைச்சே?"

"எப்பவும் போலத்தாங்கம்மா. தண்ணியும் ரெண்டு சொட்டு ஃபினாயிலும்."

"துணி சமையக்கட்டுத் துணியா? இங்க வந்து பாரு. லைட்டு தெரியுற எடத்தைப் பாரு. சுத்தி பால் ஊத்தினாப்பல இல்ல?"

அம்மா குனிந்து பார்த்தாள். "லைட்டு நல்லாத்தாங்கம்மா தெரியுது."

"லைட்டு தெரியலைன்னா சொல்றேன்? லைட்டு பளிச்சுனுதான் இருக்கு. அதைச் சுத்தித்தான் புகை. புகைக்கு ஓரத்துல வானவில்லாட்டம் ஒரு கலர் வேற. எண்ணெய் பட்டாத்தான் அப்படி வரும்."

அம்மா மறுபடியும் துடைத்தாள். மறுநாள் காலையில் டீச்சர் அம்மா பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது நின்று பார்த்தார். "இப்பப் பாரு. இப்படித்தான் இருக்கணும்" என்றார். அம்மாவின் முகம் அப்படி மலர்ந்தது. சாயங்காலம் அதே தலைவலி, அதே புகை.

இப்படியே போயிற்று. காலையில் தரை நன்றாக இருக்கும், விளக்குப் போட்டதும் கெட்டுப்போகும். டீச்சர் அம்மா கணக்குச் சொல்லிக்கொடுப்பவர், எதையும் காரணம் பார்த்துத்தான் பேசுவார். "காலைல நல்லாருக்கு. நடுவுல மத்தியானம் நீ ஒருத்திதான் துணி போடறே. அப்ப எங்கேருந்து வருது அந்த எண்ணெய்? நீயே சொல்லு." அம்மா துணியைச் சோடாவில் போட்டு வேகவைத்தாள். புதுத் துணி எடுத்தாள். பழைய பேப்பரை நனைத்துத் தேய்த்தாள். மண்டி போட்டுப் போட்டு முட்டியில் தோல் தடித்துவிட்டது. எங்களை ஹாலுக்குள் வரக்கூடாது என்றாள். தங்கச்சி வாசல்படியில் குப்புறப் படுத்துத் தரையில் ஊதுவாள், வெள்ளையாக ஒரு வட்டம் படியும், அதில் விரலால் பொம்மை போடுவாள். அது மறைவதற்குள் அம்மா ஓடிவந்து முதுகில் ஒன்று வைப்பாள். அம்மா எங்களை அடித்தது அந்தக் குளிர்காலத்தில்தான்.

பிறகு தரையோடு நிற்கவில்லை. ஒருநாள் எவர்சில்வர் தட்டில் புகை. இன்னொரு நாள் பீரோக் கண்ணாடியில். டி.வி. பெட்டியின் மேல். ஒருநாள் சாயங்காலம் டீச்சர் அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு, "பல்பைக்கூடத் துடைக்கிறதில்லையா நீ? அதுலயும் படிஞ்சிருக்கு" என்றார். சமையலறையில் எரிந்துகொண்டிருந்த குண்டு பல்பு. அம்மா ஸ்டூல் மேல் ஏறி, ஈரத்துணியோடு கையை நீட்டினாள். சுர்ரென்றது. பல்பு வெடிக்கவில்லை, அம்மாவின் விரல்தான் சிவந்தது. அவள் அப்படியே ஸ்டூலில் நின்றபடி டீச்சர் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். டீச்சர் அம்மா பல்பைப் பார்த்துக்கொண்டிருந்தார், கண்ணைச் சுருக்கி, அது ஏதோ வெகுதூரத்தில் இருப்பது போல.

இன்றைக்கு நினைத்தால் அங்கேயே எல்லாம் தெரிந்திருக்கிறது. தட்டு, கண்ணாடி, தரை, பல்பு, எல்லாவற்றிலும் ஒரே புகை. அத்தனைக்கும் பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்று. யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

எனக்குக் குச்சி குச்சியாகத்தான் தெரிந்தது. ஒருநாள் துணிந்து சொன்னேன். "எனக்கு நல்லாத்தான் தெரியுது டீச்சர்."

டீச்சர் அம்மா கோபப்படவில்லை. என் தலையில் கை வைத்தார். "உனக்குச் சின்னக் கண்ணுடா. உனக்கு எல்லாமே நல்லாத்தான் தெரியும். எனக்கு நுணுக்கமாப் பாத்துப் பழக்கம்."

டீச்சர் அம்மா சாரை அழைத்தார். சார் சோபாவில் பேப்பரை விரித்துக்கொண்டிருந்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலியே" என்றார் பேப்பருக்குப் பின்னாலிருந்து.

"பாக்காமலே சொன்னா எப்படித் தெரியும்? எறங்கி வந்து பாருங்க."

சார் எழுந்து வந்தார். இடுப்பில் கை வைத்துக் குனிந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார். நான் அவருக்குக் கீழே, தரையில் தலைகீழாகத் தெரிந்த அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முகத்தில் ஒன்றும் தெரியாதவனின் குழப்பம் இருந்தது. அப்புறம் அலுப்பு வந்தது. நிமிர்ந்து, "ஆமா, கொஞ்சம் மங்கலாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பேப்பருக்குப் போய்விட்டார்.

வீட்டில் அமைதி இருக்கட்டும் என்று சொல்லியிருப்பார். யார் வீட்டில்தான் அப்படிச் சொல்வதில்லை? ஆனால் அந்த ஒரு வார்த்தையோடு அம்மாவுக்கு ஆதரவாக இருந்த கடைசி ஆளும் போய்விட்டார். படித்த இரண்டு பேர் பார்த்துச் சொல்கிறார்கள். அன்றைக்குப் படுக்கப்போகும்போது அம்மா என்னிடம், "எனக்கும் இப்ப தெரியுதுடா. லேசா, பாலாடையாட்டம்" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே அவளுக்குத் தெரிய ஆரம்பித்துவிட்டது. ஒன்றைத் தேடித் தேடி உற்றுப் பார்த்தால் அது வந்துவிடும் போலிருக்கிறது. எனக்கும்கூட ஒரு நாள், இரண்டு நாள், குச்சியின் ஓரத்தில் ஏதோ இருப்பது போலத் தோன்றியது. அந்த இரண்டு நாளும் நான் சரியாகச் சாப்பிடவில்லை.

மாடி வீட்டில் வேலை செய்த அத்தையை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நம் வரிசையில் குழாயடிக்குப் பக்கத்துக் குடிசை. பின்பக்கம் குழாயில் தண்ணீர் பிடிக்க வரும்போது அம்மா அவளிடம் அழுதாள்.

"உங்க டீச்சரம்மா மார்க் போடுற ஆளு. பசங்கள ஃபெயிலாக்கி முடிஞ்சுது, இப்ப தரைய ஃபெயிலாக்குறாங்க" என்றாள் அத்தை. அம்மா சிரிக்கவில்லை என்றதும் அவள் குரல் இறங்கியது. "இல்லடி, தெரியாமத்தான் கேக்கிறேன். காலையில கறுப்பு, வெளக்கு வெச்சா வெளுப்புன்னா அது துணியில இல்ல. அந்த வூட்டுக்கு அடியில என்னமோ இருக்கு. சாயந்திரமானா மேல வருது."

"சும்மா இரு. புள்ள நிக்கிறான்."

"சரி, ஒண்ணுமில்லன்னா தேஜாப், அதான் ஆசிட்டு, போட்டுப் பாரு. கக்கூஸ் மஞ்சளே அதுல வெள்ளையாவுது. இந்த எண்ணெய் எம்மாத்திரம்?"

அடியில் என்னவோ இருக்கிறது என்று அத்தை சொன்னது எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. விளக்குப் போடுகிற நேரத்தில் நான் ஹால் பக்கம் போவதை விட்டேன்.

பொங்கலுக்கு முன்னால் டீச்சர் அம்மா அம்மாவைக் கூப்பிட்டு நிற்க வைத்தார். கண்கள் சிவந்திருந்தன. "எனக்கும் வயசாகறது. தெனம் தெனம் இதையே சொல்ல முடியலை. நாலு பேர் வந்து போற வீடு. பொங்கல் வரைக்கும் பாக்கறேன். சரிப்படலைன்னா வேற ஆள் பாத்துக்கறேன். இந்தப் பையன் படிப்பை நெனச்சுத்தான் இத்தனை நாள் பொறுத்தேன்."

அம்மா, "சரிங்கம்மா" என்று மட்டும் சொன்னாள்.

தேஜாப் விற்கிறவன் சைக்கிளில் வருவான், உங்களுக்கு நினைவிருக்கும். கேரியரில் கண்ணாடி பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதி அவன் வருவதற்கு முன்பே சத்தம் வரும். அவனை ஒருநாள் மத்தியானம் அம்மா பின்வாசலில் நிறுத்தினாள். டீச்சர் அம்மா அன்றைக்குப் பள்ளிக்கூடம் போகவில்லை. தலைவலி தாங்காமல் திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, இருட்டாக்கிக்கொண்டு, குப்புறப் படுத்திருந்தார். சார் ஆபீசில். நான் காய்ச்சலென்று வீட்டில் இருந்தேன்.

கறுப்பு மார்பிளில் தேஜாப் ஊற்றக் கூடாது என்று அம்மாவுக்குத் தெரியாது. நம் ஆட்கள் யாருக்குத் தெரியும்? நமக்குத் தெரிந்ததெல்லாம், எதிலும் போகாத அழுக்கு அதில் போகும் என்பதுதான். அவள் எங்களைப் பின்பக்கம் போகச் சொல்லிவிட்டு, முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டாள். நான் போகவில்லை. சமையலறைக் கதவிடுக்கில் நின்றேன். பாட்டிலைச் சாய்த்ததும் தரை சொர்ரென்று சத்தம் போட்டது. கல் சத்தம் போட்டதை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். வெள்ளையாக நுரை பொங்கியது. அம்மாவுக்கு அது அழுக்கு கழன்று வருவதாகத் தெரிந்திருக்க வேண்டும். வேகவேகமாகத் தேங்காய் நாரால் தேய்த்தாள். வாடை என் தொண்டையில் வந்து குத்தியது. தங்கச்சி பின்னாலிருந்து இருமினாள். அம்மா வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, வாசல் பக்கம் தள்ளி, ஜன்னல்களைத் திறந்து, துடைத்து எடுத்தாள்.

ஈரத்தில் நன்றாகத்தான் இருந்தது. அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். அது காயக் காய ஓரத்திலிருந்து சாம்பல் நிறம் உள்ளே நகர்ந்து வந்தது. அடுப்புச் சாம்பலைக் கரைத்துப் பூசின மாதிரி. நடுவில் தீவு தீவாகக் கொஞ்சம் கறுப்பு. சோபாவுக்கு அடியில் சோபா இல்லை. ஃபேன் இல்லை. அம்மா ஓடிப்போய் டியூப்லைட் ஸ்விட்சைப் போட்டாள். தரையில் குச்சி இல்லை. எங்கேயோ ஒரு வெளிச்சம், பனிக்குள் லாரி வருகிற மாதிரி. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கிணறு மூடிக்கொண்டது என்று எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அதே சமயம் எங்கள் அறையும் என் பள்ளிக்கூடமும் போய்விட்டன என்றும் புரிந்தது.

அப்போது படுக்கையறைக் கதவு திறந்தது. டீச்சர் அம்மா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முடி கலைந்திருந்தது. வலது கண் ரத்தமாகச் சிவந்திருந்தது. வாந்தி எடுத்திருந்தார், புடவையில் இருந்தது. அம்மா தரையில் நெற்றி படும்படிக் கும்பிட்டாள்.

"மன்னிச்சிடுங்கம்மா. தெரியாமப் பண்ணிட்டேன். எப்படியாவது சரி பண்ணிடறேன்."

டீச்சர் அம்மா தரையைப் பார்க்கவே இல்லை. முகத்தைக் கூரைப் பக்கம் திருப்பினார்.

"ஏன் எல்லாரும் இருட்டுல இருக்கீங்க?" என்றார். "லைட்டைப் போடு."

லைட் எரிந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு நடந்தது சத்தமும் ஓட்டமும். மாடி வீட்டு மாமி வந்தார். யாரோ பேங்க்குக்குப் போன் செய்தார்கள். சார் டாக்சியோடு வந்தார். ஹாலில் கால் வைத்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு, தரையையும் பாட்டிலையும் பார்த்தார், பிறகு டீச்சர் அம்மாவின் கண்ணைப் பார்த்தார். மாமிதான் முதலில் சொன்னது: "ஆசிட் புகை. மூடின ரூமுக்குள்ள போய் அடைஞ்சிருக்கு. மாடி வரைக்கும் நெடி தாங்கலை." சார் அம்மாவைப் பார்த்து, சத்தமே போடாமல் சொன்னார்: "என் பெண்டாட்டி கண்ணைப் பறிச்சிட்டியே." அவர் கத்தியிருந்தால் அம்மா பின்னாளில் மறந்திருப்பாளோ என்னவோ.

நாங்கள் அன்றைக்கே சாமான்களைக் கட்டிக்கொண்டு குடிசைக்கு வந்தோம். டீச்சர் அம்மாவுக்கு வலது கண் முழுதாகப் போய்விட்டது, இடது கண்ணில் பாதிதான் மிச்சம் என்று அத்தை வந்து சொன்னாள். கொஞ்ச நாளில் அவர்கள் வீட்டை விற்றுவிட்டுத் தெற்கே போய்விட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் சாருக்கு உண்மையைச் சொல்லியிருப்பார்கள். சொல்லாமல் இருந்திருக்க முடியாது. ரயில் பாதை ஓரம் வரைக்கும் அதை எடுத்துக்கொண்டு வர யாருக்கும் தோன்றவில்லை.

பிறகுதான் அம்மாவுக்கு அந்தப் பெயர். குழாயடியில் வாளி இடித்துக்கொண்டால் போதும். "அய்யோ, ஆசிட்காரி கிட்ட வாய குடுக்காத, கண்ண எடுத்துருவா" என்பார்கள். வேறு வீடுகளில் வேலை கிடைக்கவில்லை, கட்டட வேலைக்குப் போனாள். டீச்சர் அம்மா சேர்த்துவிட்ட பள்ளிக்கூடத்துக்கு என்னை அனுப்ப அம்மாவுக்குக் கூசியது. பள்ளிக்கூடத்தில் யாரும் போகச் சொல்லவில்லை. அம்மாதான், "எந்த மூஞ்சிய வெச்சிக்கினு போவடா" என்றாள். நானும் செங்கல் எடுக்கப் போனேன்.

நம் தகரக் கூரை மாரியம்மனுக்கு ஆடியில் கூழ் ஊற்றும்போது என் அம்மா கண்மலர் சாத்துவாள், பார்த்திருப்பீர்கள். வெள்ளித் தகட்டில் இரண்டு சின்னக் கண்கள். ஊருக்குப் போகிறவர்களிடம் சொல்லி வாங்கி வைப்பாள். தனக்குக் கண் நோய் என்று எல்லாரும் நினைத்தார்கள். "டீச்சரம்மாவுக்கு ஒளி குடு தாயி" என்று அவள் முணுமுணுப்பது பக்கத்தில் நின்ற எனக்குத்தான் கேட்கும். குடிசைகளை இடித்து நம்மை லாரியில் ஏற்றி ஊருக்கு வெளியே கொண்டுவந்து விட்டபோது அம்மனும் கூடவே வந்தாள், கண்மலரும் நிற்கவில்லை. அப்பா தவறிப்போன வருஷத்திலும் சாத்தினாள். அவளுடைய கடைசிக் கோடையில், பேச்சு குழறிய பிறகும் என் கையைப் பிடித்து, "நாந்தானடா எடுத்தேன்" என்றாள். நான், "இல்லம்மா" என்றேன். வெறுமனே ஆறுதலுக்குத்தான் சொன்னேன். எனக்கே தெரியாது.

இப்போது மீதிப் பாதி. நான் ஜனக்புரி மெட்ரோவிலிருந்து ஈ-ரிக்ஷா ஓட்டுகிறேன். இந்தக் குளிருக்கு முன்னால் சாயங்காலங்களில் தலை வலிக்க ஆரம்பித்தது. எதிரில் வருகிற வண்டி விளக்கைச் சுற்றி வெள்ளைப் புகை. பனிதான் என்று நினைத்தேன், டில்லியில் வேறு என்ன நினைப்பது? மழை பெய்த ரோட்டில் சிக்னல் விளக்கு தெரிந்தபோது, அதைச் சுற்றியும் புகை, அதன் ஓரத்தில் ஒரு வானவில். பின்னால் உட்கார்ந்திருந்த பையன், "பையா, ஜல்தி" என்று அவசரப்படுத்தினான். நான் ரிக்ஷாவை ஓரமாக நிறுத்திவிட்டேன். அந்த வானவில்லை நான் பார்த்ததில்லை, ஆனால் கேள்விப்பட்டிருந்தேன்.

சர்க்கார் ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டரம்மா. என் மகள் வயசுதான் இருக்கும். ஹிந்தியில் கேட்டார்: "அங்கிள்ஜி, சாயங்காலத்துல பல்பைச் சுத்திக் கலர் வளையம் தெரியுதா? கூடவே தலைவலி? தூங்கி எழுந்தா சரியாகிடுதா?"

"எல்லாம் தெரியுது" என்றேன்.

"கண்ணுக்குள்ள தண்ணி போற வழி குறுகலா இருக்கு. வெளிச்சம் கம்மியானாலோ, குப்புறப் படுத்தாலோ அடைச்சுக்குது, உள்ளே அழுத்தம் ஏறுது. அப்ப கண்ணோட முன்பக்கம் மங்கும். அதான் வளையம். நல்லவேளை சீக்கிரம் வந்தீங்க. லேசர்ல சின்னதா ஒரு துளை போட்டா சரி. விட்டிருந்தா ஒரே நாள்ல கண்ணு போயிருக்கும்."

வெளியே வரிசை நீண்டு நின்றது. நான் எழுந்திருக்கவில்லை. எனக்கு எங்கிருந்து வாய் வந்தது என்று தெரியாது. "ஆசிட் புகையில இது வருமா?" என்று கேட்டேன்.

"ஆசிட் புகை பட்டா எரியும், தண்ணி வரும். இது வேற. ஏன், யாருக்கு?"

"ஒரு அம்மாவுக்கு. ரொம்ப வருஷம் முன்னாடி. அன்னைக்கு வீட்ல ஆசிட் ஊத்தினாங்க."

"அதுக்கு முன்னாடியே வளையம் தெரிஞ்சதாமா அவங்களுக்கு?"

"குளிர் ஆரம்பிச்சதுலேருந்து. சாயங்காலம் மட்டும். காலைல நல்லாயிடும். அன்னைக்கு மத்தியானம் பூரா இருட்டுல குப்புறப் படுத்திருந்தாங்க."

டாக்டரம்மா பேனாவை மூடினார். "அப்புறம் ஆசிட் எங்கே வருது இதுல? அது வந்துக்கிட்டே இருந்திருக்கு, அங்கிள்ஜி. அந்தக் குளிர் முழுக்க வந்துக்கிட்டேதான் இருந்திருக்கு."

அடியில் என்னமோ இருக்கிறது, சாயந்திரமானால் மேலே வருகிறது என்று அத்தை சொன்னாளே. அவள் சொன்னது சரி. இடத்தைத்தான் தப்பாகச் சொல்லிவிட்டாள். என் அம்மா ஒரு தரையைக் கெடுத்தாள், அது உண்மை. கண்ணை அவள் எடுக்கவில்லை. இதை உங்கள் எல்லாருக்கும் சொல்ல வேண்டும் என்றுதான் இத்தனை தாள்களைக் கிறுக்கினேன். அவளை இனி அந்தப் பெயரில் சொல்லாதீர்கள். என்னையும்தான். இன்னொன்று, சாயங்காலம் யாராவது வீட்டில் எதைப் பார்த்தாலும் புகை என்று சொன்னால், அவர்களோடு சண்டை போடாதீர்கள், அமைதிக்காக ஆமாம் என்றும் சொல்லாதீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

அம்மா கடைசியாக வாங்கி வைத்து, சாத்த முடியாமல் போன கண்மலர் ஒரு ஜோடி அவள் டிரங்குப் பெட்டியில் இருந்தது. கறுத்துப் போயிருந்தது. நேற்றுச் சாயங்காலம் விபூதி போட்டுத் தேய்த்தேன். வெளுத்து வந்ததும் கூரையில் எரிகிற டியூப்லைட் இரண்டு கண்ணிலும் சின்னக் குச்சியாக வந்து நின்றது. எனக்கு வலது கண்ணில் லேசர் போட்டாயிற்று, இடது கண்ணுக்கு அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள். இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். குச்சியின் ஓரம் கத்தி மாதிரி இருந்தது. வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். அதே குச்சி, சுற்றிலும் பால், பாலின் ஓரத்தில் மெல்லிசாக ஒரு வானவில்.

துடைக்கத் துணியை எடுத்துவிட்டேன். பிறகு கீழே வைத்துவிட்டேன்.

எழுதி முடித்தது: 18 ஜனவரி 2026, ஞாயிற்றுக்கிழமை.